சாச்சி மகன் விற்ற வில்லா

உம்மாவின் தங்கச்சி, எங்கள் சாச்சியின் மகன் கல்முனைக் கடற்கரையில் கட்டியதை யாராவது வீடு என்று சொன்னால் திருத்துவான். அது வில்லாவாம். முன்னால் கடல் கிடக்க, முற்றத்தில் நீச்சல் தடாகம் வெட்டியவன் அவன். அதில் அவன் குளித்து யாரும் கண்டதில்லை. லண்டனிலிருந்து வருகிற நேரங்களில் கறுப்புக் கண்ணாடியோடு கரையில் நின்று படம் எடுத்துப் போடுவான். அவ்வளவுதான் அந்தத் தண்ணீரின் பயன்.

அந்த வளவு எங்கள் உம்மாவின் சீதன வளவு. சுனாமியில் வீடு போனது, வாப்பா மௌத்தானார். எங்களை ஊருக்கு உள்ளே தொடர்மாடியில் குடிவைத்தார்கள். கடலுக்கு அவ்வளவு கிட்ட இனி வீடு கட்ட ஏலாது என்று அறிவித்த காலத்தில்தான் இவன் உம்மாவைத் தேடி வந்தான்.

"சும்மா கிடக்கிற மண்தானே, பெரியம்மா. எனக்கு எழுதித் தாங்க. நாலு தென்ன வெச்சி, தேங்காய உம்மா வாப்பா இல்லாத எத்தீம் புள்ளயளுக்குக் குடுப்பம்."

கடல் இருக்கிற திசையைப் பார்க்கவே உம்மா பயந்திருந்த காலம் அது. கையெழுத்து வைத்தா. சட்டம் தளர்ந்ததும் அத்திவாரம் வெட்டினான். தென்னையும் வைத்தான், தடாகத்துக்கு அழகாக, குள்ளச் சாதியில்.

போன வருடம் அவனுக்கு வில்லா அலுத்துவிட்டது. சாச்சிக்கு முழங்கால் ஏலாததால் வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. அழைப்பெடுத்தான்.

"ராத்தா, வாங்குறதுக்கு கொழும்பில இருந்து ஆக்கள் வாறாங்க. தெறந்து காட்டிவிடுங்க. கடல் வந்த கதைய மட்டும் எடுக்க வேணாம்."

"எப்ப வாறாங்க?" என்று மட்டும் கேட்டேன். அதை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

கணவனும் மனைவியுமாக வந்தார்கள். அவர் விரல் முட்டியால் சுவர்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார். மனைவி பெரிய கண்ணாடிக் கதவடியில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"சுனாமி இங்கயும் வந்ததா?"

"ஓம். நீங்க நிக்கிற இடம் எங்கட குசினி. வாப்பா அதுக்குள்ளதான் தேத்தண்ணி குடிச்சிட்டு இருந்த. மையித்து மைல் கணக்கில தள்ளி பெரியநீலாவணப் பக்கம்தான் கிடைச்ச."

அவள் இன்னாலில்லாஹி சொல்லிக்கொண்டு அந்த இடத்தைவிட்டு விலகினாள். இனி போய்விடுவார்கள் என்று நினைத்தேன். கணவர் பக்கத்தில் வந்தார்.

"இது ஊர்ல எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப வேற ஆள் லேசில வாங்க மாட்டாங்க" என்று மனைவியிடம் திரும்பினார். "நல்லாக் குறைச்சிக் கேக்கலாம்."

அவர் முகத்தில் சந்தோசம் அப்படியே தெரிந்தது. என் வாப்பா அந்த மனிதருக்கு ஒரு தள்ளுபடியாகிப் போனார். அதுவரை உலகத்திலேயே கேவலமான ஆள் என் சாச்சி மகன்தான் என்று நினைத்திருந்தேன். அந்த இடத்துக்கும் போட்டி இருந்திருக்கிறது.

குறைத்தே வாங்கினார்கள். உறுதி எழுதி முடிந்த அன்று பின்னேரம் அவன் அழைத்தபோது நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏன் ராத்தா செல்லின?"

"கேட்டாங்க, செல்லின."

"அந்த மனிசனுக்கு ஈவிரக்கம் இல்ல, ராத்தா. மௌத்தான ஆள வெச்சி வில பேசுறான். மனிசனா அவன்?"

மெய்யாகவே நொந்துபோயிருந்தான். போனைக் குசினித் திட்டில் வைத்துவிட்டு மீனைக் கழுவினேன். அவன் தன்பாட்டில் கதைத்துக்கொண்டிருந்தான். சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டுப் பார்த்தபோது அழைப்பு நின்றுபோயிருந்தது.