படைப்புழு மருந்தில் குளித்த நாய்

எங்கள் வீட்டு நாய்க்குப் பெயர் கிடையாது. வைக்காமல் இல்லை, ஆளுக்கு ஒன்று வைத்துப் பார்த்தோம். என் வீட்டுக்காரர் சொன்ன பெயர் சிங்கத்துக்கே கொஞ்சம் ஜாஸ்தி. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, பலகாரக் கடையில் கூவுகிற மாதிரி இருக்கிறது என்றார் அவர். அந்தச் சண்டை முடிவதற்குள் குட்டி வளர்ந்து, "டேய்" என்று கத்தினால் ஓடிவரப் பழகிவிட்டது. அப்புறம் அதுவே நிலைத்துவிட்டது. இதில் ஒரே தொல்லை, தெருவில் யார் யாரை "டேய்" என்று கூப்பிட்டாலும் முதலில் போய் நிற்பது இவன்தான்.

வெள்ளிமலையில் ஒரு கல்யாணத்துக்குப் போன நாங்கள் திரும்பும்போது ஜீப்பில் மடியில் வைத்துக் கொண்டுவந்த குட்டி இது. கொடுத்த வீட்டில், "மலை நாய்ங்க, சீக்கு கீக்கு ஒண்ணும் வராது, காத்தக் குடிச்சே வளந்துடும்" என்றார்கள். சுத்தப் பொய். கீழே வந்த கொஞ்ச நாளிலேயே வயிறு பானை மாதிரி ஊதி, நூல் நூலாகப் புழு வெளியே வந்தது. கள்ளக்குறிச்சி மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். வெறிநாய்க்கடி தடுப்பூசியும் போட்டார்கள். அன்றிலிருந்து வருஷம் தவறாமல் ஊசிக்குக் கூட்டிப்போகிறேன். ஒவ்வொரு தடவையும் கச்சிராயபாளையம் ரோட்டில் இருக்கிற எங்கள் தெரு மொத்தமும் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்க்கும்.

"நாய்க்கு ஊசி போட ஆட்டோ வச்சிக்கினு போவுது பாரு," என்பார் எதிர்வீட்டுப் பெரியவர். "எங்க வூட்டு மாடே ஆஸ்பத்திரி வாசல மிதிச்சதில்ல."

அந்த மாடு எத்தனை நாள் உயிரோடு இருந்தது என்று கேட்க நாக்கு துடிக்கும். எதிர்வீடாயிற்றே என்று அடக்கிக்கொள்வேன்.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் உரக்கடை வைத்திருக்கிறார். உரம், விதை, பூச்சிமருந்து எல்லாம் உண்டு. மலையடிவாரத்து ஊர்களிலிருந்து சம்சாரிகள் இலையைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு வருவார்கள். இவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார், திருப்புவார், மோந்துகூடப் பார்ப்பார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, "டேங்குக்கு ரெண்டு மூடி" என்பார். பயிர் விஷயத்தில் ஆள் கெட்டிக்காரர், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். மரவள்ளியோ மக்காச்சோளமோ, இவர் சொன்னால் கேட்கும். அதனால் அவருக்கு "டாக்டர்" என்றே பட்டம். வினை அங்கேதான் ஆரம்பித்தது. இலையோடு வருகிறவன் இலையோடு நிறுத்துவதில்லை. மூட்டுவலி, மருமகளுக்கு முடி கொட்டுவது, கோழி தூங்கி விழுவது என்று எல்லாவற்றையும் கேட்பான். இவரும் எல்லாவற்றுக்கும் ஒரு வழி சொல்லுவார். கேட்டவனை வெறுங்கையோடு அனுப்பினால் வியாபாரம் படுத்துவிடும் என்பது அவர் கொள்கை.

மழை விட்ட ஒரு மாதத்தில் டேய்க்கு உண்ணி பிடித்தது. காதுக்குள்ளே, கழுத்தடியில், விரலிடுக்கில் எல்லாம் ஆமணக்குக் கொட்டைமுத்து மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்றேன்.

"உண்ணிக்கெல்லாம் ஆஸ்பத்திரியா?" என்று சிரித்தார் அவர். "நம்ம கடைச் சரக்குல ஒரு ஜில்லாவுல இருக்கிற பூச்சியே செத்துக்கினு கீது. இந்த உண்ணி எம்மாத்திரம்?"

"அது பயிருக்குங்க. இது உசுரு."

"பயிருக்கு மட்டும் உசுரு இல்லியா?" என்று தத்துவம் பேசினார். இந்த ஆளிடம் பேசி ஜெயிக்க முடியாது. அடுத்த வாரம் நானே கூட்டிப்போகிறேன், நீங்கள் சும்மா இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். சும்மா இருப்பதுதான் அவருக்கு வராத ஒரே வேலை.

அந்த வார முகூர்த்தத்தில் திருக்கோவிலூரில் என் தங்கை பேரனுக்குக் காதுகுத்து. கடையை விட்டு வர முடியாது என்று அவர் நின்றுகொண்டார், நான் மட்டும் போனேன். பந்தி முடிந்து பஸ் பிடித்து மத்தியானம் தாண்டி வீடு வந்தால், வாசலில் கூட்டம். அவருக்குத்தான் என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். அவர் கேட் அருகே குத்துக்கல்லாக நின்றுகொண்டிருந்தார். உள்ளே தண்ணீர்த் தொட்டியடியில் டேய் கிடந்தான். வாயிலிருந்து எச்சில் கயிறாக ஒழுகியது. உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கியது. எழுந்திருக்கப் பார்க்கிறான், பின்னங்கால் இரண்டும் இழுத்துக்கொண்டு போகிறது. கண் எங்கேயோ பார்க்கிறது.

எதிர்வீட்டுப் பெரியவர் கையில் தடி. அவர் மகன் கையில் மண்வெட்டி. பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

"வெறி புடிச்சிடுச்சும்மா," என்றார் பெரியவர். "நொரை தள்ளுது பாரு. அடிச்சிப் பொதச்சிடலாம், தள்ளு. நாளைக்கு எந்தப் புள்ளையையாவது கடிச்சா யார் பதில் சொல்றது?"

"எவனாவது கைய ஓங்குனீங்க, அப்புறம் நான் மனுசியா இருக்க மாட்டேன்," என்றேன். "வருஷா வருஷம் ஊசி போட்ட நாய்ங்க இது. அப்பப் பல்லக் காட்டினீங்க இல்ல, இப்பத் தள்ளி நில்லுங்க."

வாய்தான் பேசியது, உள்ளே எனக்கும் பயம். ஊசி போட்டும் வந்திருந்தால்? காலி உரச்சாக்கு ஒன்றைக் கையில் சுற்றிக்கொண்டு கிட்டே போனேன். இரண்டடி இருக்கும்போதே நாற்றம் முகத்தில் அடித்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த நாற்றத்தைத்தான் அவர் சட்டையிலிருந்து துவைத்துக்கொண்டிருக்கிறேன். என் மூக்கை யாரும் ஏமாற்ற முடியாது.

"இன்னாங்க ஊத்துனீங்க?"

"சோப்பு போட்டுக் குளிப்பாட்டுனேன். அவ்ளோதான்," என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். அங்கே நின்ற அத்தனை பேரும் அவர் கடையில் மருந்து வாங்குகிறவர்கள். கண்ணால் என்னிடம் கெஞ்சினார், அப்புறம் பேசிக்கலாம் என்று.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சண்டை போட நேரமில்லை. "வண்டிய எடுங்க," என்றேன். எதிர்த்துப் பேசாமல் போய் எடுத்தார்.

கடைக்கு மூட்டை ஏற்றுகிற குட்டியானை வண்டி. பின்னால் யூரியா மூட்டைகளுக்கு நடுவில் டேயைச் சாக்கோடு மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கள்ளக்குறிச்சி வரைக்கும் வழியில் இருக்கிற சாமிகளைக் கும்பிட்டேன், இடையிடையே வண்டி ஓட்டுகிற ஆசாமியைத் திட்டினேன். காதுகுத்துக்குக் கட்டிய பட்டுப்புடவை முழுக்க எச்சிலும் மூத்திரமும். அவன் இதயம் என் தொடையில் குதித்துக்கொண்டிருந்தது. "டேய், இருடா, போவாதடா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். சொல்ல வெட்கமில்லை, அழுதுகொண்டுதான் வந்தேன்.

மாட்டாஸ்பத்திரியில் சாயங்காலக் கூட்டம். மாடு, கன்று, ஆடு, அவற்றைப் பிடித்துக்கொண்டு சம்சாரிகள். பாதிப் பேர் கையில் எங்கள் கடை பெயர் போட்ட பை. இவரைப் பார்த்ததும் ஒருவர் எழுந்து, "இன்னாண்ணா, டாக்டரே டாக்டரப் பாக்க வந்துட்டீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்துவைத்தார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை.

டாக்டரம்மா சின்ன வயசுதான். டேயைப் பார்த்ததும் வரிசையை நிறுத்திவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு வெளி மேடைக்கே வந்துவிட்டார். தடுப்பூசி போட்டிருக்கா என்று கேட்டார். தவறாமல் போட்டிருக்கிறோம் என்றேன். கண்ணிமையைத் தூக்கி டார்ச் அடித்தார். பிறகு குனிந்து மோந்தார்.

"எதுல குளிப்பாட்டுனீங்க?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

"பூச்சிமருந்துன்னு தெரியுது. எதுன்னு சொல்லுங்க. ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற வேற. மாத்திக் குடுத்தா இவனுக்கு ஆபத்து."

மனுஷன் ஓரக்கண்ணால் பின்னால் பார்த்தார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். டேய் மூச்சை இழுத்தான், தொண்டையில் களகளவென்று தண்ணீர்ச் சத்தம் கேட்டது. எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"சொல்லித் தொலைங்க!" என்று கத்தினேன். "உங்க மானம் செத்தா நாலு நாள்ல பொழச்சிக்கும். இவன் செத்தா செத்ததுதான்."

அவர் டாக்டரம்மா பக்கம் சாய்ந்து என்னமோ முணுமுணுத்தார்.

"கேக்கலை சார், சத்தமா."

"மக்காச்சோளத்துல படைப்புழுவுக்கு அடிக்கிறது மேடம்," என்று மருந்தின் பெயரையும் சேர்த்துச் சொன்னார். "கம்மியாத்தான் ஊத்துனேன். ஒரு பக்கெட்டுக்கு ரெண்டு மூடி."

"நாய்க்குப் படைப்புழு வந்துடுச்சாண்ணா?" என்று பின்னால் ஒரு குரல். மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

டாக்டரம்மா காதிலேயே வாங்கவில்லை. ஊசி போட்டார், கொஞ்சம் பொறுத்துப் பார்த்து மறுபடி போட்டார். தோலில் இருக்கிற மருந்து இன்னும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், கையுறை போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள், வாசனை போகிறவரை விடாதீர்கள் என்றார். அதை இவரிடம்தான் சொன்னார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாடு கழுவுகிற குழாயடியில் உட்கார்ந்து, அத்தனை வாடிக்கையாளர்களுக்கும் முன்னால் ஊர் டாக்டர் நாயைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நாற்றம் போய்விட்டதா என்று என்னை மோந்து பார்க்கச் சொன்னார். இல்லை என்றேன். மறுபடி தேய்த்தார்.

நாய் உண்ணிக்குத் தனியாகவே மருந்து இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, எடையைப் பார்த்துத் தருவோம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டு அடுத்த மாட்டைப் பார்க்கப் போனார். நாங்கள் காத்திருந்தோம். மெல்ல மெல்ல நடுக்கம் அடங்கியது. எச்சில் நின்றது. வெளியே தெருவிளக்கு எரிந்த நேரத்தில் யாரோ யாரையோ "டேய், கயித்தப் புடிடா" என்று அதட்டினார்கள். இவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். தூக்கின கையோடு அவர் வேட்டியிலேயே வாந்தியும் எடுத்தான். பொழைச்சிக்குவான் என்று டாக்டரம்மா அங்கிருந்தே சொன்னார். எனக்குப் போன உயிர் வந்தது. அவரைத் திட்ட வாயெடுத்தேன், முடியவில்லை. அவர் முகமும் அழுத முகமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் ஓர் அம்மா எங்களிடம் வந்தாள். மலையடிவாரத்துக் காட்டுக்கொட்டாயில் இருக்கிறவளாம். நாங்கள் வரும்போதே பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், குளம்பு புண்ணான ஒரு வெள்ளாட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு.

"அண்ணா, எனக்கும் நீங்க அதத்தான சொன்னீங்க," என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

"போன சந்தைக்கு வந்தப்போ உண்ணிக்குக் கேட்டேனே. ஒரு பக்கெட்டுக்கு ரெண்டு மூடின்னு சின்ன பாட்டுல்ல ஊத்திக் குடுத்தீங்க. தடவுனேன். பொழுது சாயறதுக்குள்ள பெரிய ஆடு வாயில நொரை தள்ளிச் செத்துப்போச்சி. சினை ஆடுண்ணா. பாம்பு கடிச்சிடுச்சின்னு நெனச்சிக்கினு பொதச்சிட்டேன்."

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை.

அவள் கையிலிருந்த ஆட்டின் காதை மடக்கிக் காட்டினாள். உள்ளே வரிசையாக உண்ணி.

"இதுக்கும் கீதுண்ணா. இருக்கிறது இது ஒண்ணுதான். இதுக்கு இன்னா போடலாம், நீங்களே சொல்லுங்க."

அவர் அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியாதும்மா," என்றார். "உள்ள டாக்டரம்மா கீறாங்க. அவங்களக் கேளுங்க."

பிறகு அவள் கையிலிருந்து ஆட்டுக் கயிற்றை வாங்கி, அவள் முறை வரும்வரை, ஈர வேட்டியோடு அதைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்.