இரண்டு ஈயச் சொம்புகள்

பட்டுவைக் கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது பெரிய தொல்லை என்று அவள் கணவர் ராமசுவாமி பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பார். ஊரே மணப்பெண்ணைப் பார்க்கும்போது இவள் சாப்பாட்டுத் தட்டைச் சுண்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். 'ணங்' என்றால் பீங்கான், 'டொக்' என்றால் மெலமைன். சாவிக்கொத்தில் ஒரு குட்டிக் காந்தம் வேறு. பாத்திரக் கடையில் எவர்சில்வர் டப்பாமேல் அதை வைத்து, ஒட்டினால் ஒரு ரகம், ஒட்டாவிட்டால் வேறு ரகம் என்று சத்தமாகச் சொல்வாள். கடைக்காரர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். புடவைக் கடையிலோ ஓரத்து இழையை உருவித் தீக்குச்சி காட்டி மோந்து பார்ப்பாள். முடி கருகும் வாடை வந்தால் பட்டு. உருகி மணியாக உருண்டால் பாலியெஸ்டர்.

"பட்டுன்னு சீட்டே ஒட்டியிருக்கான், அப்புறம் என்ன?" என்று ராமசுவாமி கேட்பார்.

"பேரை யார் வேணா வெச்சுக்கலாம்" என்பாள் பட்டு.

பிறந்து வளர்ந்தது தெலுங்கு நாட்டில், போலாரத்தில். இருபத்தெட்டு வருஷமாக நாச்சாரத்தில் ஒரு சின்னப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகள் கம்பியும் தகடும் திருகாணியும் அனுப்பும். இது என்ன உலோகம், இதில் என்ன கலந்திருக்கிறது என்று இவள் சொல்ல வேண்டும். சரியான சரக்குக்குப் பச்சைச் சீட்டு, தேறாததற்குச் சிவப்புச் சீட்டு. அவளுடைய சிவப்புச் சீட்டைப் பச்சையாக மாற்ற எத்தனையோ பேர் ஸ்வீட் பெட்டியோடு வந்திருக்கிறார்கள். பெட்டியோடுதான் திரும்பியும் போனார்கள்.

உப்பலில் அவள் குடியிருக்கும் அடுக்ககத்தில் எதிர்வீடு சுபாஸ்ரீயுடையது. கோயம்புத்தூர்ப் பெண், கணவனும் மனைவியும் ஐ.டி. வேலை, இரண்டரை வயதில் வர்ஷினி என்று ஒரு மகள். பட்டு வீட்டு ரசத்தை ஒருநாள் சாப்பிட்டுவிட்டு, இதில் என்ன போடுகிறீர்கள் என்று சுபாஸ்ரீ கேட்டாள். போடுவதில் ஒன்றுமில்லை, வைக்கிற ஈயச் சொம்பில்தான் இருக்கிறது என்றாள் பட்டு. அடுத்த முறை கும்பகோணம் போனபோது அவளுக்கும் ஒன்று வாங்கிவந்தாள். "தண்ணி விடாம அடுப்புல வெச்சுடாதே, உருகிடும்" என்று எச்சரிக்கையும் செய்தாள். அன்றிலிருந்து ஒரு வருஷமாக ரசஞ்சாதம் இல்லாமல் வர்ஷினிக்குச் சோறு இறங்குவதில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் சுபாஸ்ரீ அந்தச் சொம்பைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"பாப்பா ரத்தத்துல லெட் இருக்குதுன்னு டாக்டர் சொல்றாருங்க அக்கா. கொஞ்சம்தானாம், ஆனா எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்தோணுமாம். லெட்டுக்குத் தமிழ்ல என்னன்னு பார்த்தேன். ஈயம்னு வருதுங்க."

பட்டுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அசடு. ஈயத்துல ரெண்டு உண்டு. காரீயம்தான் விஷம், அதுதான் லெட். இது வெள்ளீயம். தெலுங்குல தகரம்பா. ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. கொடுத்துட்டுப் போ, திங்கட்கிழமை மெஷின்ல வெச்சுக் காட்டறேன்."

சுபாஸ்ரீ முகம் தெளிந்து போனாள். பட்டுவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, தன் வீட்டுச் சொம்பின் விளிம்பால் ஒரு கோடு இழுத்தாள். பதிந்தும் பதியாமலும் ஒரு கீறல். பிறகு சுபாஸ்ரீயின் சொம்பால் இழுத்தாள். பென்சிலால் எழுதியதுபோல் சாம்பல் நிறத்தில் பளிச்சென்று ஒரு கோடு விழுந்தது. காரீயம்தான் அப்படி எழுதும்.

திங்கட்கிழமை இரண்டு சொம்பையும் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துப் போனாள். எக்ஸ்ரே கருவி இரண்டே நிமிஷத்தில் சொல்லிவிட்டது. அவளுடையது, முழுக்க வெள்ளீயம். பரிசாகக் கொடுத்தது, நூற்றுக்குப் பதினொரு பங்கு காரீயம். கடைக்காரர் "சுத்த ஈயம்மா" என்று சொல்லித்தான் விற்றார். பாவம், அவர் பொய் சொல்லவில்லை. இரண்டும் ஈயம்தானே. திருகாணியைக்கூடச் சோதிக்காமல் விடாதவள், ஒரு குழந்தை சாப்பிடும் பாத்திரத்தைப் பேரை நம்பி வாங்கியிருக்கிறாள். அவமானத்தில் அவளுக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

"எண்பத்தொன்பது பங்கு நல்லதுதானே" என்றார் ராமசுவாமி, சாயங்காலம் வீட்டில். "இனிமே இதுல சமைக்காதேன்னு மட்டும் சொல்லிடு. நீயா போய் உன் பேரைக் கெடுத்துக்கணுமா?"

"நக்கோன்னா, வேண்டவே வேண்டாம். எதுலேர்ந்து வந்ததுன்னு தெரியாட்டா, அவ வீட்டுல இருக்கற ஒவ்வொரு சாமானையும் பார்த்துப் பயந்துண்டே இருப்பா."

சொம்பில் சிவப்புச் சீட்டைக் கட்டி எதிர்வீட்டுக்குப் போனாள். "நான் சொன்னது தப்பு. இதுல காரீயம் கலந்திருக்கு. நான் பார்க்காம வாங்கிட்டேன்" என்றாள்.

சுபாஸ்ரீ சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உங்க வீட்டுச் சொம்புங்க?" என்று கேட்டாள்.

அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். "அதையும் பார்த்தேன். அது சுத்தம்" என்றாள் பட்டு.

சுபாஸ்ரீ கதவைச் சாத்திக்கொண்டாள். அதன்பிறகு லிஃப்டில் பார்த்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். பட்டு தன் சொம்பைப் பரணில் ஏற்றிவிட்டு எவர்சில்வரில் ரசம் வைத்தாள். சாப்பிட உட்காரும்போதெல்லாம் வர்ஷினி ஞாபகம் வந்தது. ராமசுவாமி ரசம் நன்றாயிருக்கிறது என்று பொய் சொல்லிச் சாப்பிட்டார்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைப்பு மணி அடித்தது. வாசலில் சுபாஸ்ரீ, இடுப்பில் வர்ஷினி, தோளில் ஒரு பெரிய பை.

"நேத்து மறுபடி ரத்தம் பார்த்தோமுங்க. நல்லா குறைஞ்சிருக்குது."

பட்டு அழுதுவிட்டாள். சுபாஸ்ரீ அவள் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு பையைத் தரையில் வைத்துத் திறந்தாள். மஞ்சள்தூள் பொட்டலம், கண்மை டப்பா, சாயம் பூசிய மரப் பொம்மை, பீங்கான் கிண்ணம், பித்தளை விளக்கு என்று பாதி வீடு அதில் இருந்தது.

"இதுலெல்லாமும் லெட் இருக்கலாமாமுங்க. எல்லாத்தையும் பார்த்துச் சொல்லுங்க அக்கா" என்றாள். "நீங்க பச்சைச் சீட்டு கட்டினாத்தான் திரும்ப உள்ள வெப்பேன்."

வர்ஷினி இறங்கி வந்து பட்டுவின் சாவிக்கொத்தைப் பிடித்து இழுத்தாள். பட்டு காந்தத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து முதலில் மஞ்சள்தூளை எடுத்தாள்.