தொட்டுட்டாச்சும் போ, தம்பி

சென்னையிலிருந்து மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்ட ஆபீசுக்கு வேலைக்கு வந்த புதிது. மாலையில் கிளம்பும்போது, பக்கத்து மேசை லெட்சுமி அக்கா சுடச்சுட வாழைப்பழ பஜ்ஜியை நீட்டினார்.

"வயிறு சரியில்லக்கா."

"அப்ப தொட்டுட்டாச்சும் போ லா, தம்பி. இல்லாட்டி வழியில ஏதாச்சும் ஆயிரும்."

சிரித்துக்கொண்டே தொட்டேன்.

ரிங்லெட் சாலையில் பஜ்ஜி எண்ணெயால் விரல் ஸ்டீயரிங்கில் வழுக்கியது. காரை ஓரங்கட்டித் துடைத்துக்கொண்டிருந்தபோது, எதிரே இருந்த வளைவில் மலைச்சரிவு மண்ணும் மரமுமாக இறங்கியது.

மறுநாள் அக்காவிடம் சொன்னேன். அவர் வியக்கவில்லை, என் நாற்காலியையே பார்த்தார்.

"உனக்கு முன்னாடி இதுல உட்கார்ந்திருந்தவரு தொடாம போனாரு. அதே ரோட்டுல. திரும்பி வரல."

இப்போது யார் எதை நீட்டினாலும் தொட்டுவிடுகிறேன். இதையெல்லாம் நம்புகிறேனா என்று தெரியாது. அந்த நாற்காலியில் மட்டும் இன்றுவரை சாய்ந்து உட்கார்ந்ததில்லை.