ஆறு ஆள் கனம்

கல் வந்து இறங்கும்வரை வெர்னாவுக்கு எல்லாம் எளிதாகத்தான் தெரிந்தது. அடுப்புமேடைக்கான சிலேட்டுக் கற்களைக் கொட்டகையில் அடுக்கியாயிற்று. குளிர்காய இரும்பு விறகு அடுப்பும் வந்தாயிற்று. அப்புறம்தான் தச்சர் ஹாலிஸ் கூடத்து மூலையை மிதித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கல்மேடை, அடுப்பு ரெண்டும் சேர்ந்து ஆறு ஆளு கனம் இருக்கும் வெர்னா. தரைப்பலகைக்குக் கீழே இருக்கறது உன் மாமனாரோட அப்பா போட்ட உத்திரம். தாங்குமான்னு எனக்குத் தெரியாது. மாத்தணும்னா வசந்தத்துலதான் வருவேன்."

வசந்தம்வரை யார் காத்திருப்பது? போன குளிர்காலத்தில் பனிமழை மின்கம்பிகளை அறுத்துப் போட்டது. நிலவறையில் வீட்டைச் சூடாக்க எண்ணெய்க் கொதிகலன் இருந்தும், மின்சாரம் இல்லாமல் அது வெறும் இரும்பு. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன கணவர் ஆல்டனைக் கம்பளியில் சுருட்டி, ஊரார் ஒதுங்கிய பள்ளிக்கூட ஜிம்முக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தாள். அன்றிலிருந்து மகள் ஜோலீன், "பேங்கர் டவுன்ல என் வீட்டோட வந்துடுங்க" என்று பிடித்த பிடியை விடவில்லை. விறகு அடுப்பு எரிந்தால் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆல்டனைக் கேட்டால், "உன் இஷ்டம்" என்பார். மனதில் இருப்பதைச் சொல்லாத மனிதருக்காக ஒற்றை ஆளாய் மல்லுக்கட்டி வெர்னாவுக்கு வெறுத்தேபோய்விட்டது.

ஆறு ஆள் கனம்தானே, ஆட்களையே நிறுத்திப் பார்த்துவிடலாம் என்று துணிந்தாள். சனிக்கிழமை, பானையில் பீன்ஸ் வெந்துகொண்டிருந்தது. மான் வேட்டைக்குப் போயிருந்த தம்பி லெஸ்டர், நாலு கூட்டாளிகளோடு ஆரஞ்சுச் சட்டையும் பசியுமாக வந்து சேர்ந்தான்.

"சாப்பாடுன்னு வரவழைச்சு எடைக்கல்லா நிக்க வைக்கிறியேக்கா! ஆறுன்னா ஒரு ஆளு குறையுதே?"

"நீ இருக்கறப்ப என்னடா குறை? உன்னை ரெண்டாத்தான் கணக்குப் பண்ணியிருக்கேன்."

கூட்டாளிகள் சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

நிலவறையில் உத்திரத்துக்கு அடியில் வெர்னா ஒரு நூலை இழுத்துக் கட்டியிருந்தாள். இரண்டுக்கும் நடுவே தீக்குச்சி நுழையும் இடைவெளி. உத்திரம் தொய்ந்தால் நூலைத் தொட்டுவிடும். டார்ச்சை அதில் பிடித்துக்கொண்டு, "ஏறுங்கடா!" என்று கத்தினாள்.

மேலே ஒவ்வொருவராக மூலைக்கு வந்தார்கள். தூசு அவள் தலையில் கொட்டியது. எங்கோ ஒரு பலகை கிரீச்சிட்டது.

"அக்கா, உயிரோட இருக்கியா?"

"பேசாம நில்லுடா!"

இடைவெளி அப்படியே இருந்தது. மூச்சு விடப்போன சமயம் மேலே வேறொரு சத்தம். கைத்தடி தட்டுகிறது; பின்னாலேயே ஒரு கால் இழுபடுகிறது.

"வழி விடுங்க."

"ஆல்டன்! நீ எதுக்குய்யா வர்ற? விழுந்து வைக்கப் போற!"

வாய் கோணியதிலிருந்து அவருக்கு ஒவ்வொரு சொல்லும் மெதுவாகத்தான் வரும்.

"நானும் நிக்கணும். நான் இங்கேதானே இருக்கப் போறேன். என்னையும் தாங்கணும்ல."

டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நூலைப் பார்த்தாள். மயிரிழைகூட இறங்கவில்லை. அப்பாடா என்றிருந்தது. உத்திரம் தாங்கியதைவிட அவர் வாயைத் திறந்ததுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

"என்னக்கா, ஆச்சா? பீன்ஸ் வாசனை ஆளைக் கொல்லுது!"

"இருங்கடா, இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்க" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சாப்பிட்ட கையோடு தீ தாங்கும் சிமென்ட் பலகையைப் பரப்பி, கலவை போட்டு, கற்களைப் பதித்தார்கள். ஆல்டன் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு குறை சொன்னார். இது கோணல், அது மேடு, இதை எடுத்துவிட்டு மறுபடி வை. வெர்னா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் எல்லாவற்றையும் எடுத்து மறுபடி வைத்தாள்.