நெவில் கார்ட்மெல்லின் பச்சைப் புள்ளிகள்

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் நில அளவை அலுவலகத்தில் வரைபடக்காரராக இருந்து ஓய்வுபெற்ற நெவில் கார்ட்மெல்லுக்கு ஒரே ஒரு வீம்பு. பதினோரு வருஷமாகச் சம்பளமில்லாமல் அவர் பார்த்துக்கொள்ளும் இலவச வீடியோ பிளேயரில் ஒரு சோதனைகூடத் தோற்கக் கூடாது. எங்கோ யாரோ அதன் நிரலில் நாலு வரி மாற்றினாலும் அறுநூறு சோதனைகளையும் ஓட்டுவார். எல்லாவற்றுக்கும் எதிரே பச்சைப் புள்ளி விழுந்தால்தான் அவருக்கு டீ இறங்கும். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் பிளேயரின் பழைய நினைவுகளை எல்லாம் வழித்துத் துடைத்துவிடுவார். "இந்த மனுஷன் அடுப்படிய ஒருநாளாவது இப்படித் தொடச்சிருப்பாரா?" என்று மனைவி கொரின் வருகிறவர்களிடமெல்லாம் கேட்பாள்.

அந்தக் கோடையில் லியோனி ப்ரூவெட் என்ற பெண்ணிடமிருந்து ஒரு புகார் வந்தது. அவள் மலையடிவார ஊர் ஒன்றின் தன்னார்வத் தீயணைப்புக்காரி. ஊர் மன்றத்துக் கணினியில் இந்தப் பிளேயரைத்தான் வைத்திருந்தார்கள். காட்டுத்தீ நெருங்கினால் நகரத்துத் தீயணைப்பு அலுவலகம் தொலைவிலிருந்தே அதை இயக்கும். 'உடனே கிளம்புங்கள்' என்ற பதிவு கூரை ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்கும். ஆனால் மாதாந்திர ஒத்திகையில் ஒரு மாதம் பேசுகிறது, மறுமாதம் வாயே திறப்பதில்லை என்று எழுதியிருந்தாள்.

நெவில் வழக்கம்போலத் துடைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தார். கணீரென்று பேசியது. 'இங்கே ஒழுங்காக ஓடுகிறது' என்று எழுதிப் புகாரை மூடினார். அவள் மறுபடி எழுதினாள், மறுபடி மூடினார். மூன்றாம் முறை, வயரைப் பாரம்மா என்றார். என்ன மிதப்பு பாருங்கள்! அவளும் பாவம், நம்பிப் புது வயர் வாங்கிப் போட்டாள்.

பிப்ரவரியில் ஒருநாள் வடமேற்குக் காற்று அனலாக வீசியது. கொரின் கொடியில் போட்ட துணியெல்லாம் சாம்பல். லியோனியின் ஊருக்குப் பின்னாலிருந்த மலை எரிவதாக வானொலி சொன்னது. காலையிலேயே அவள் எழுதியிருந்தாள்: ஒத்திகை பார்த்தாளாம், அருமையாகப் பேசியதாம். ஜனங்கள் நிஜமென்று பயந்துவிடக் கூடாதே என்று எப்போதும்போலக் கடைசி வரியை முடிக்கவிடாமல் நிறுத்திவிட்டாளாம். இனி தீயணைப்பு லாரியில்தான் இருப்பாளாம். நான் சொன்னேன் அல்லவா என்று நெவில் நிம்மதியாக டீ குடித்தார்.

மத்தியானம் கொரின் அவருடைய கணினியில் படம் போட்டாள். போட்டதும் முடிந்துவிட்டது. "உங்க பிளேயரு, நான் உக்கார்றதுக்குள்ள படத்தையே முடிச்சு வச்சிருச்சு" என்றாள்.

நெவில் சிரித்தார். நேற்று கடைசியில் பேர் ஓடும்போது நீ நிறுத்தியிருப்பாய், அது விட்ட இடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு அங்கிருந்தே தொடங்கும் என்று விளக்க ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் அவர் துடைத்து எறிந்தது அந்த ஞாபகத்தைத்தான். மன்றத்துக் கணினியை யாரும் துடைப்பதில்லை. அடுத்த தடவை அதில் கடைசி வரியின் வால் மட்டும்தான் வரும், அதற்கடுத்த தடவைதான் முதலிலிருந்து பேசும்.

லியோனியை அழைத்தார், எடுக்கவில்லை. தீயணைப்பு அலுவலக எண் ஓயாமல் பிஸி. அதற்குள் வானொலி, அந்த ஊர் மக்களுக்கு ஒலிபெருக்கி மூலம் எச்சரிக்கை கொடுத்தாகிவிட்டது என்றது. அந்த ஊர்த் தொலைபேசி எண்களைத் தேடி, முதலில் இருந்ததை அழுத்தினார். ஒரு பெரியவர் எடுத்தார். பின்னால் நாய் விடாமல் குரைத்துக்கொண்டிருந்தது. நீங்கள் இன்னும் கிளம்பவில்லையா என்று கேட்டார் நெவில்.

"ஸ்பீக்கர் இன்னும் கூப்பிடலையேப்பா. அது கூப்பிடாம யாரும் வண்டிய எடுத்து ரோட்ட அடைக்காதீங்கன்னு லியோனி வீடு வீடா வந்து சொல்லிட்டுப் போயிருக்கா. ஊரே பெட்டியும் கையுமா உக்காந்திருக்கோம்."

"அது கூப்பிடாதுங்க. இப்பவே கிளம்புங்க."

"நீங்க தீயணைப்பு ஆபீஸா?"

நெவிலுக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. "இல்லங்க, நான் அந்த வீடியோ பிளேயர..." என்று தொடங்கினார்.

"இன்னைக்குப் போயா விளையாடுவீங்க?" என்று பெரியவர் போனை வைத்துவிட்டார்.