உள்ளே மூன்று தையல்

பதினாறு கிலோ குறைத்திருந்தேன். ஒரு வருஷம் நடையாய் நடந்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் குறைத்த உடம்பு. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பழைய துணிகளையெல்லாம் தூக்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று பீரோவைத் திறந்து பைக்குள் திணித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் ஒரு கூடாரம். விட்டது தொல்லை!

"உங்களுதையும் நாலு போடுறேங்க. காலரெல்லாம் நைஞ்சு கெடக்கு."

என் வீட்டுக்காரர் டெய்லர். செவ்வாய் கடைக்கு லீவு. "என் சட்டையில கை வைக்காத," என்றார் வெடுக்கென்று. என் பேச்சுக்கு மறுபேச்சு பேசாத மனுஷர். எனக்கு வீம்பு ஜாஸ்தி. அவர் குளிக்கப் போனதும் இருந்த சட்டை அத்தனையையும் உருவிப் போட்டேன்.

எந்தத் துணியையும் உள்பக்கம் திருப்பிப் பார்ப்பது டெய்லர் பெண்டாட்டியின் புத்தி. பக்கத் தையலுக்கு உள்ளே இன்னொரு தையல். அதற்கும் உள்ளே ஒன்று, அப்புறம் இன்னொன்று. எல்லாச் சட்டையிலும் அப்படியே மூன்று, புது நூலில். பேன்ட் இடுப்பிலும்.

மாற்றி மாற்றிப் பிடித்துச் சட்டையைச் சிறிதாக்கியிருக்கிறார். மனுஷர் இளைத்துக்கொண்டே வந்திருக்கிறார். சட்டை கச்சிதமாகவே இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. வாட்ச் ரிப்பேர் என்று கழற்றி வைத்தாரே, டிராயரைத் திறந்தால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. மெலிந்த கையில் தொளதொளக்கும் வாட்சைப் பிடித்துத் தைக்க முடியாதே. கண்ணாடியில் என் இடுப்பைப் பார்க்கவே எனக்கு நேரம் சரியாக இருந்திருக்கிறது, பாவி!

துண்டோடு வந்தவர் என் மடியில் சட்டைகளைப் பார்த்து நின்றுவிட்டார். தோளெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளாங்க?"

"மூணு மாசம். மாசத்துக்கு ஒரு தையல்."

"சொல்றதுக்கென்ன? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"நீ கஷ்டப்பட்டு எளைச்ச. நான் சும்மா இருந்தே எளைச்சேன். சொல்ல பயமா இருந்துச்சு."

திட்டத்தான் வாயெடுத்தேன், அழுகை வந்தது. என்னென்ன நோயின் பேரெல்லாமோ மனசில் ஓடியது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு சட்டையின் தையலைப் பிரித்துக் காட்டினார்.

"பாரு, துணிய வெட்டவே இல்ல. அத்தனையும் உள்ளயே விட்டிருக்கேன். பிரிச்சா பழைய அளவு வந்துரும்."

என் பையை வாசலில் வைத்தேன். அவர் சட்டைகளைத் திரும்ப பீரோவில் அடுக்கினேன். ஒன்றை மட்டும் எடுத்து நானே அவருக்கு மாட்டிவிட்டேன்.

"கிளம்புங்க. இப்பவே டாக்டர்கிட்ட."

பொத்தான்களைப் போட்டுவிட்டேன். சட்டை அவருக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது.