நைனா வானத்தில் போட்ட ஓட்டை

எங்கள் வீட்டில் குளிரை வைத்துப் பிழைத்தவர்கள் இரண்டு பேர். நைனாவுக்குக் காசிமேட்டு ஐஸ் பேக்டரியில் வேலை. எங்களோடு தங்கியிருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ராயபுரத்து வெயிலில் வெந்துகொண்டிருந்த குடும்பத்துக்குக் குளிர்தான் சோறு போட்டது என்பதை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. அந்த இருவரில் ஒருவர் வானத்தில் ஓட்டை போடுகிறார் என்று நான் கண்டுபிடித்திருந்தேன்.

துப்பு கொடுத்தவர் எங்கள் அறிவியல் டீச்சர். ரொம்ப உயரத்தில் ஓசோன் என்று ஒன்று குடை மாதிரி நின்று சூரியனின் கெட்ட கதிரைத் தடுக்கிறது என்றார். குளிரூட்டும் எந்திரங்களிலிருந்து கசியும் ஒரு வாயு மேலே போய் அந்தக் குடையை அரிக்கிறதாம். அதற்குள் குளோரின் ஒளிந்திருக்குமாம். மேலே போனதும் வெளியே வந்து ஓசோனை உடைக்கும். உடைத்துவிட்டுத் தனக்கு ஒன்றும் ஆகாமல் அடுத்ததை உடைக்கக் கிளம்பிவிடும். டீச்சர் போர்டில் வட்டம் வட்டமாகப் போட்டார். எனக்கோ, பஸ்ஸில் ஒரு பாக்கெட்டை அடித்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல அடுத்த ஆளிடம் நகர்கிறவன்தான் கண்ணுக்குத் தெரிந்தான்.

அந்த வாயுவின் பெயர் கூட்ஸ் வண்டி நீளத்துக்கு இருந்தது. முழுதாக எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. பெயர் எதற்கு? ஆள் யார் என்று எனக்கா தெரியாது?

ஐஸ் பேக்டரியில் குளிரூட்ட வைத்திருக்கும் அம்மோனியா கசிந்து காற்று எங்கள் பக்கம் திரும்பினால், ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது எங்கள் தெருவில் நடை பழகும் குழந்தைக்கும் தெரியும். கண் எரியும், தொண்டை கிழியும். நைனாவின் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாலும் அந்த வாடை போகாது. எங்கள் கண்ணையே இந்தப் பாடு படுத்துகிற வாயு, வானத்தை மட்டும் சும்மா விட்டுவிடுமா?

மாமாவின் மேல் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. பழைய ஃப்ரிட்ஜைப் பிரிப்பதற்கு முன்னால் அதிலிருக்கும் கேஸைத் திறந்துவிடுவார். வெயில் காலமென்றால் அதற்கு நாங்கள் வரிசையில் நிற்போம். ரப்பர் குழாயை ஒவ்வொருவர் பிடரிக்கும் காட்டி 'புஸ்' என்று ஒரு அடி அடிப்பார். முதுகுத்தண்டு வரை சிலிர்க்கும்.

"மோந்து பார்ரா. வாசன கீதா? எரியுதா? நெருப்பு வெச்சாலும் பத்தாது. சாமி மாதிரி கேஸுடா இது. உங்க நைனாவோடது பேஜாரு கேஸு."

அதற்கு மேல் எனக்குச் சாட்சி தேவைப்படவில்லை.

நைனாவைக் கண்காணிக்க ஆரம்பித்தேன். பேக்டரி இருக்கும் திசையில் வானம் கொஞ்சம் வெளுத்திருந்தாலும் நின்று முறைத்துப் பார்த்தேன். பங்குனி வெயிலில் குடை பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். "இன்னாடா, மழையா பேயுது?" என்று அம்மா கேட்டாள். ஓட்டையிலிருந்து என்ன பெய்யும் என்று அவளுக்கு எப்படித் தெரியும், பாவம்.

தினமும் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் நைனா கொல்லைப்பக்கம் போவார். இரண்டு பக்கமும் பார்ப்பார். பிறகு முகத்தை வானத்துக்குத் தூக்கி, உதட்டைக் குவித்தபடி நிற்பார். திரும்பி வரும்போது வாயில் கிராம்பு வாசனை. ஓட்டை எவ்வளவு பெரிதாகிவிட்டது என்று பார்த்துவிட்டு வருகிறார் என்று நான் முடிவு கட்டினேன். குற்றவாளி குற்றம் நடந்த இடத்துக்குத் திரும்பி வருவது சகஜம்தானே?

தவக்காலம் அது. ஈஸ்டருக்கு முன் பிள்ளைகளெல்லாம் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். நான் என் பாவங்களைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, சாமியாரை மறைத்திருந்த மரச்சல்லடைக்கு இன்னும் நெருக்கமாகப் போனேன்.

"சாமி, எங்க நைனா மோட்சத்துக்குப் போற வழியில ஓட்ட போடுறாரு."

"எதால?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கேஸால, சாமி."

சாமியாருக்கு இருமல் வந்தது. அது நிற்க வெகுநேரம் ஆனது. "அவர் பாவத்தை அவர்தான்பா வந்து சொல்லணும்" என்றார்.

வந்தது வினை. நைனா பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் யுகம் ஆகியிருந்தது. கோயிலுக்கு வந்தாலும் வாசலில் நின்று செருப்புக்குக் காவல் இருப்பார். ஈஸ்டருக்குள் அவரை உள்ளே தள்ளாவிட்டால் இங்கே போலீஸ், மேலே நரகம்.

"நைனா, கோயிலுக்குப் போய் பாவத்த சொல்லிடு."

"இன்னாடா திடீர்னு?"

"எனுக்கு எல்லாம் தெரியும்."

அவர் முகம் ஐஸ் கட்டிபோல வெளுத்தது. மறுநாள் சாயங்காலம் எனக்கு மட்டும் சுண்டல் வந்தது. அதற்கு அடுத்த நாள் கலர் சோடா. சுண்டலைத் தின்றேன், சோடாவைக் குடித்தேன். சந்தேகம் இரண்டு மடங்கானது. குற்றமில்லாதவர் எதற்காகச் சுண்டல் வாங்கித் தருகிறார்?

ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்போடு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது என்னால் அடக்க முடியவில்லை. "அம்மா, நைனாவ கோயிலுக்கு இட்டுனு போ. போலீஸு வர்றதுக்குள்ள!" என்று அழுதேவிட்டேன்.

நைனா சோற்றுக் கையோடு எழுந்தார். "ஒரே ஒரு பீடிடி! ராவுல ஒண்ணு! அதுக்கு எவன்டா போலீஸ இட்டாருவான்?"

"பீடியா?" என்றாள் அம்மா.

தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதன் அன்று, நெற்றியில் பூசிய சாம்பலோடு, இனி பீடியைத் தொட மாட்டேன் என்று அவளிடம் சத்தியம் செய்திருந்தாராம். "நெத்தி சாம்பல் கலையல, அதுக்குள்ள பீடி சாம்பலா?" என்று அவள் பிடித்துக்கொண்டாள். குழம்புச் சட்டி ஒரு பக்கம், கரண்டி ஒரு பக்கம். நைனா என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. வானத்தைப் பற்றி யாராவது பேசுவார்கள் என்று காத்திருந்தேன்.

சண்டை முற்றவும் மாமா எழுந்து வெளியே போனார். வாசலில் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று பிரிப்பதற்காகக் காத்திருந்தது. "அக்கா, சூடாவாத. மாமு, நீயும் வா" என்று இருவரையும் இழுத்து வந்து அதன் பக்கத்தில் நிறுத்தினார். நைனாவின் பிடரியில் ஒரு 'புஸ்'. அம்மாவின் பிடரியில் ஒன்று. "அடச்சீ, கூசுது" என்று திட்டிக்கொண்டே அம்மா சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததும் நைனாவுக்கு உயிர் வந்தது.

வெகுகாலம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். நைனாவின் வாயுவில் குளோரினே கிடையாது. அது கண்ணை எரிக்கும், ஊரை விரட்டும், மழையில் கரைந்து மண்ணுக்கே இறங்கிவிடும்; மேலே போகத் துப்பு கிடையாது. மாமாவின் வாயு எதிலும் கரையாது, எதனோடும் சேராது, யாரையும் உறுத்தாது. அப்படி ஒரு வம்புக்கும் போகாத குணத்தால்தான் அது ஆடி அசைந்து உச்சிவரை ஏறியது. அங்கே கடும் வெயில் பட்டு உடைந்த பிறகே உள்ளே ஒளிந்திருந்தவன் வெளியே வந்தான். இன்று என் வீட்டுக்கு ஏசி மெக்கானிக் வந்தால் அவர் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கிறேன். அவர் என்னைத் திருடனைப் போலப் பார்க்கிறார்.

அன்றைக்குக் கடைசி அடி என் பிடரிக்குத்தான். அந்த மாதம் முழுக்க வானத்தை முறைத்துக்கொண்டே இருந்தவன், மாமா குழாயைத் திறந்த அந்த ஒரு நேரத்தில் மட்டும் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டேன்.